கழுத்துக் கருமை அழுக்கன்று: குழந்தைக் கொழுப்பு குறித்த வாட்ஸ்அப் செய்திக்கு உண்மை விளக்கம்

'பிள்ளைகளின் தொப்பை வயதுக்கு வந்தால் தானாகக் கரையும். கழுத்துக் கருமையைப் பயத்தமாவு தேய்த்துப் போக்கலாம். நாற்பதுக்கு முன் இதயத்துக்கு ஆபத்தில்லை' என்ற செய்தி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

உயரம் கூடும்போது சில பிள்ளைகள் மெலிவது உண்மைதான். ஆனால் பருவ வயதில் இன்சுலினுக்கு உடல் இணங்குவது இயல்பாகவே குறைவதால், ஏற்கெனவே பருத்த பிள்ளைக்கு அக்காலம் கூடுதல் சுமையாகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுக்கும் தோல், பெரும்பாலும் அந்த இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். பீர்க்கை நாரால் தோல் சிவக்கத் தேய்த்தாலும் போகாது; பிள்ளைக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அமெரிக்காவின் பொகலூசா ஆய்வில், 2 முதல் 39 வயதுக்குள் இறந்த 204 பேரின் இரத்தக்குழாய்களைப் பரிசோதித்து 1998இல் வெளியிட்ட முடிவுகள், குழந்தைப் பருவத்திலேயே பின்னாளில் இதய நோய்க்கு வழிவகுக்கும் கொழுப்புக் கீற்றுகள் படியத் தொடங்குவதையும், உடல் பருமன், இரத்த அழுத்தம் போன்றவை சேரச்சேரப் படிவு மிகுவதையும் காட்டின.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2007ஆம் ஆண்டு வரையறைப்படி, 10 முதல் 16 வயதுக்குட்பட்டோரில், சம வயதினர் நூற்றில் தொண்ணூறு பேரை எட்டும் அல்லது விஞ்சும் இடுப்புச் சுற்றளவோடு, 100 மி.லி. இரத்தத்தில் டிரைகிளிசரைடு எனும் கொழுப்பு 150 மி.கி. அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு (HDL) 40 மி.கி.க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 130ஐ அல்லது கீழ் அளவு 85ஐ எட்டுதல் ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால் அது வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி, அதாவது நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் குறைபாடுகள் ஒன்றுசேர்ந்த நிலை. பத்து வயதுக்குக் கீழ் இப்பெயரைச் சூட்டுவதில்லை. அதற்காகக் கவனிக்காமல் விடலாம் என்று பொருளில்லை. தொடக்கக் கீற்றுகள் பின்வாங்கக்கூடியவை என்பதால், மாலைநேரப் பேக்கரி பப்ஸைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாட விடுவது மாவுப்பூச்சைவிடப் பயன் தரும்.