பெயரில்லாமல் விளையாடிய கேம்கள்

நம் ஆட்களுக்குப் படம் என்றால் பெயர் முக்கியம். புதுப்படம் ஒன்று வந்தால் இயக்கம், இசை, ஒளிப்பதிவு மட்டுமில்லை, சண்டைப் பயிற்சி யார், நடனம் யார் என்பதுவரை திருகோணமலை டச்பே கடற்கரையில் பின்னேரம் கூடுகிற பொடியளுக்கு மனப்பாடம். அதே பொடியளிடம் அவர்கள் இரவிரவாக விளையாடும் கேமைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். கம்பனியின் பெயரைச் சொல்வார்கள், அதோடு சரி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செய்தவர்களின் பெயரை மறைத்து வைத்தே வளர்ந்த தொழில் அது.

பழைய கேம்கள், அவற்றை வைத்து வந்த படங்கள், படங்களை வைத்து வந்த கேம்கள் பற்றிய துணுக்குகளை நான் விடாமல் சேர்ப்பது இதனால்தான். இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறீர்கள். நான் சேர்த்ததில் முக்கால்வாசி, ஒரு மனிதர் தன் பெயரை எப்படியோ உள்ளே நுழைத்த கதை. மிச்சம், நுழைக்க முடியாமல் போன கதை.

தொண்ணூறுகளில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு ரிவி கேம் ஞாபகம் இருக்கும். புறக்கோட்டையிலிருந்து யாராவது கொண்டுவரும் மஞ்சள் கசெட். ஸ்டிக்கரில் ஒரு கூட்டம் படங்கள் இருக்கும், உள்ளே கேம் நாலைந்துதான். அடிப்பக்கத்தை வாயால் ஊதிவிட்டுச் செருகினால் கொன்ட்ரா என்ற துவக்குச் சண்டைக் கேம் வரும். அந்தக் கள்ளக் கசெட்டுகள் பலவற்றில் முதல் திரையில் இருக்க வேண்டிய கம்பனிப் பெயரைக்கூட அழித்திருப்பார்கள். எத்தனை உயிர் வேண்டும், எந்தத் துவக்கு வேண்டும் என்று கேட்கிற பட்டியல் மட்டும் நிற்கும்.

அதில் ஓடுகிற இரண்டு வீரர்களில் ஒருவரை ஆர்னோல்ட் என்றும் மற்றவரை ராம்போ என்றும்தான் கூப்பிட்டோம். அது வெறும் சிறுபிள்ளைக் கற்பனை இல்லை. அமெரிக்கப் பெட்டியின் அட்டைப்படத்தை வரைந்தவர் பொப் வேக்லின் என்ற ஆங்கிலேய ஓவியர். அதே கேம் கிரைசர் என்ற பெயரில் ஐரோப்பாவில் வந்தபோது, ஓஷன் கம்பனிக்காக வரைந்தது. 1987இல் வந்த பிரெடேட்டர் படத்தில் ஆர்னோல்ட் துவக்கோடு நிற்கிற நிலைகளைப் பார்த்து வரைந்திருக்கிறார். கேமைச் செய்த கொனாமி கம்பனி அதையே எடுத்துத் தன் பெட்டிக்கும் போட்டது. அவர் 2018இல் காலமானார்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற மந்திரம். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. அமுக்கினால் கொன்ட்ராவில் 30 உயிர். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஒப்பித்த இந்த வரிசையை வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிராடியஸ் என்ற விமானச் சண்டைக் கேமை வீட்டு மெசினுக்கு மாற்றும்போது, பரிசோதிக்க உட்கார்ந்தவருக்கே அது கடினமாக இருந்ததால் தன் வசதிக்காக ஒரு குறுக்குவழி போட்டார். எடுக்காமலே கேம் வெளியாகிவிட்டது. அதே வரிசைதான் பிறகு கொன்ட்ராவுக்கும் வந்தது. 2020 பெப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோதுதான் நான் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். அவர் தந்த உயிர்களில் விளையாடி வளர்ந்த எனக்கு, அவர் பெயர் தெரியவர அவர் இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த மறைப்பு கள்ளக் கசெட்டோடு தொடங்கியதில்லை. மேலிடத்திலேயே தொடங்கியது. எழுபதுகளின் கடைசியில் அடாரி கம்பனியில் ஒரு கேமை ஒரே ஆள்தான் முழுதாகச் செய்வார். யோசனை, படம், சத்தம், நிரல் எல்லாமே அவர்தான். பெட்டியில் மட்டும் அவர் பெயர் இராது. வொரன் ரொபினெட் என்ற இளைஞர் அட்வென்ச்சர் என்ற கேமைச் செய்தபோது இதைப் பொறுக்க முடியாமல் ஒரு வேலை பார்த்தார். கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் இருட்டுப் புதிர்ப்பாதையில், தரையின் நிறத்திலேயே, கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை வைத்தார். தடவித் தடவித்தான் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்த புள்ளியைக் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குக் கொண்டுபோய், வேறு சில பொருட்களையும் அங்கே சேர்த்தால் தடுப்புக் கோடு மினுங்கத் தொடங்கும். அந்த நேரம் ஊடுருவிப் போனால் ஒரு இரகசிய அறை. நடுவில் மேலிருந்து கீழாக ஒரே வாசகம்: உருவாக்கியவர் வொரன் ரொபினெட்.

யாரிடமும் வாய் திறக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். கேம் கடைக்கு வந்த பிறகு, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் இதைக் கண்டுபிடித்துக் கம்பனிக்குக் கடிதம் போட்டான். அப்போதுதான் முதலாளிமாருக்கே தெரியும். எடுத்துவிட்டுப் புதுச் சிப் அடிப்பது செலவு. அங்கே இருந்த ஒருவர், இதை ஈஸ்டர் முட்டை தேடுகிற விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். கேமுக்குள் ஒளித்து வைக்கும் இரகசியங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சமாதான காலத்தில் இங்கே நெட் கஃபேக்கள் முளைத்தபோது வைஸ் சிட்டி என்ற கேமில் தலைகீழாக நின்றவர்கள் இதைப் படித்தால், ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்தின் யன்னலுக்குள் பாய்ந்து, உள்ளே மேடையில் இருக்கிற சொக்லேட் முட்டையைப் பார்த்தது நினைவு வரும். அதன் மூலவர் ரொபினெட்தான்.

2018இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய ரெடி பிளேயர் வன் படத்தில் கடைசிப் போட்டியே இந்த அட்வென்ச்சர்தான். ஆட்டத்தை வெல்பவனுக்குப் பரிசு கிடைக்காது. புள்ளியைத் தேடி, பெயர் இருக்கும் அறைக்குப் போகிறவனுக்குத்தான் கிடைக்கும். படத்தின் மற்றப் பகுதிகள், அந்த இரைச்சல் எல்லாம், எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சிக்காக இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதே அடாரியிலிருந்துதான் 1979இல் டேவிட் கிரேன் உட்பட நாலு பேர் வெளியேறி அக்டிவிஷன் என்ற கேம் கம்பனியைத் தொடங்கினார்கள். பணத்தோடு பெயரும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. புதுக் கம்பனியில் செய்தவரின் பெயரைப் பெட்டியிலேயே அச்சடித்தார்கள்.

ஸ்பீல்பேர்க் பெயர் வந்ததால், அவருடைய ஈ.டி. படத்தை வைத்து வந்த கேமின் கதையையும் சொல்லியே ஆக வேண்டும். உலகிலேயே மோசமான கேம் எது என்று யாரைக் கேட்டாலும் அடாரியின் ஈ.டி.யைத்தான் சொல்வார்கள். அதைச் செய்த ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ சாதாரண ஆள் இல்லை. யார்ஸ் ரிவெஞ்ச் என்ற பேர்பெற்ற கேம் அவருடையது. இண்டியானா ஜோன்ஸ் படங்களில் இரண்டாவதைக் கண்டியில் எடுத்தார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அதன் முதல் படத்துக்கு கேம் செய்தவரும் அவர்தான். அது ஸ்பீல்பேர்க்குக்குப் பிடித்துப்போனதால் ஈ.டி.யும் அவரிடமே வந்தது. 1982 ஜூலைக் கடைசியில் உரிமை கைக்கு வந்தது, நத்தார் விற்பனைக்குக் கேம் கடையில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்கிற வேலைக்கு அவருக்குக் கிடைத்தது ஐந்து கிழமை. பேக்-மேன் மாதிரி ஏதாவது செய்யலாமே என்று ஸ்பீல்பேர்க் கேட்டதாகவும், தான் புதிதாகச் செய்யவே விரும்பியதாகவும் வோர்ஷோ சொல்லியிருக்கிறார். சொன்ன காலத்துக்குள் செய்து முடித்தார். அந்த அவசரத்திலும் தன் பெயரின் முதலெழுத்துகளை உள்ளே ஒளித்து வைக்க மறக்கவில்லை.

கேம் படுத்தது. 1983இல் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் ஓர் ஆவணப்படத்துக்காக அந்த இடத்தைத் தோண்டினார்கள். புழுதிக் காற்றில், நசுங்கிய கசெட்டுகள் மேலே வரவர, கூடியிருந்த சனம் கை தட்டியது. வோர்ஷோ அங்கே நின்றார், கண் கலங்கினார். அதற்கு முன்பே அவர் கேம் தொழிலை விட்டு மனநல ஆலோசகராகிவிட்டார். புதைத்ததில் ஈ.டி. ஒரு பகுதிதான், நல்லாக விற்ற கேம்களும் அதற்குள் கிடந்தன. ஐந்து கிழமை என்ற விவரத்தைச் சொல்லாமல் ஈ.டி.யைத் திட்டுகிறவர்களோடு நான் வாதாடாமல் விடுவதில்லை. அந்தத் திகதியை முடிவு செய்தவர்களின் பெயரை யாரும் திட்டுவதில்லை, செய்தவரின் பெயரை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் வேறு மாதிரி. போட்டிக் கம்பனிகள் ஆளைக் கொத்திக்கொண்டு போகும் என்ற பயத்தில் பட்டப்பெயர்தான் போடுவார்கள். 1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டைக் கேமைச் செய்த தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் பிஸ்டன் தகாஷி, ஃபினிஷ் ஹிரோஷி என்றுதான் வருவார்கள்.

மோர்டல் கொம்பாட் என்ற சண்டைக் கேமில் நூப் சாய்பொட் என்ற கறுப்பு நிஞ்ஜா இருக்கிறானே, அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி வாசியுங்கள். டொபாயாஸ், பூன். கேமை உருவாக்கிய ஜோன் டொபாயாஸும் எட் பூனும். இங்கே வா என்று கத்திக்கொண்டு ஸ்கோர்பியன் கயிறு எறிகிற குரல் எட் பூனின் சொந்தக் குரல், 1995இல் வந்த படத்திலும் அவருடையதே. ஆனால் அந்த உடம்பு? ஜோனி கேஜ், ஸ்கோர்பியன், சப்-ஸீரோ என்ற மூன்று பாத்திரங்களுக்கும் கமராவின் முன்னால் நின்று குத்தும் உதையும் காட்டியவர் டானியல் பெசினா என்ற தற்காப்புக் கலைஞர். கேம் வீட்டு மெசின்களுக்கும் போய்க் கோடிகளில் விற்றபோது, தன் பெயரையும் உருவத்தையும் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டார். 1996இல் தோற்றார். அடுத்த வருடம் சோனியாவாக நடித்த எலிசபெத் மலெக்கியும் வேறு இருவரும் போட்ட வழக்கும் தோற்றது. எங்கள் வீடுகளில் அந்த மூஞ்சிகள் எல்லாருக்கும் தெரியும். பெயர் ஒருவருக்கும் தெரியாது.

பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா. 1989இல் வந்தது, இங்கே நமக்குப் பழைய கணினிகளில் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும், அரண்மனைப் படத்தின் மேலே, இது ஜோர்டன் மெக்னரின் கேம் என்று ஒரு வரி வந்து நிற்கும். கேம் செய்த மனிதர் ஒருவரின் பெயரைச் சின்ன வயதிலேயே நான் அறிந்தது அந்த ஒரு வரியால். பெயர் தெரிந்ததால் பின்னாளில் தேடிப் படித்தேன். இளவரசன் ஓடுவதும், பாய்ந்து விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுவதும் மெக்னரின் தம்பி டேவிட். வெள்ளை உடுப்புப் போடச் சொல்லி வீடியோவில் எடுத்து, ஒவ்வொரு அசைவாகப் பார்த்துக் கீறியிருக்கிறார். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ரொபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொண்டார். இசை அவருடைய அப்பா. மூலநிரல் தொலைந்துபோனது என்றே இருந்தபோது, 2012இல் வீட்டில் பழைய பெட்டியொன்றுக்குள் கிடந்த ஃப்ளொப்பி டிஸ்குகளைக் கண்டெடுத்து அனுப்பியவரும் அதே அப்பா. 2010இல் டிஸ்னி படமாக எடுத்தபோது திரையில் மெக்னரின் பெயரும் வந்தது. படம் சுமார்தான். ஆனாலும் அந்தப் பெயருக்காகவே மறுபடி பார்த்தேன்.

சில காலம் முன்பு இங்கே ஒரு பாடசாலையின் பொதுஅறிவுப் போட்டிக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். "தம்பி, படக் கேள்வி இருக்கட்டும், கேம் கேள்வியை எடுத்துவிடுவம்" என்றார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே போனில் கிடக்கிறார்கள், நாமும் தூண்டிவிடுவதா என்பது அவர்களுடைய கவலை. விளங்குகிறது. ஒரே ஒரு கேள்வி மட்டும் தப்பியது, அதுவும் கோணேசர் புண்ணியத்தில். 1956இல், கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோயிலின் கற்றூண்களைப் பார்த்த அறிவியல் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கைப் பற்றியது. கூட இறங்கிய மைக் வில்சன்தான் பின்னர் 1962இல் ரன்முத்து தூவ என்ற முதல் சிங்கள வண்ணப்படத்தை இயக்கினார், அதன் கடலடிக் காட்சிகளை எடுத்தது நம்முடைய கடலில். கிளார்க்கின் நாவலை வைத்து 1996இல் வந்த ராமா என்ற கேமில் அவரே திரையில் தோன்றுவார். போட்டி முடிந்து இதைச் சொன்னபோது ஒரு பொடியன் வந்து கேட்டான்: "அப்போ கேமுக்கும் டைரக்டர், ரைட்டர் எல்லாம் இருக்காங்களா அண்ணா?" இருக்கிறார்கள். அவன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லார் பெயரும் வருகிறது என்று சொல்வீர்கள். 2023இல் வந்த மரியோ படம் உலகம் முழுக்க 130 கோடி டொலருக்கு மேல் அள்ளியது. அதில் டொங்கி கொங் என்ற குரங்கு வருகிற இடத்தில் ஒரு ராப் பாட்டு ஒலிக்கும். 1999இல் டொங்கி கொங் 64 கேமுக்காகச் செய்த பாட்டு. செய்தவர் கிராண்ட் கிர்க்ஹோப். தன் பெயரைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு தியேட்டருக்குப் போனார். கடைசியில் ஓடிய எழுத்தில் பாட்டின் பெயர் இருந்தது, கேமின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. பாட்டு கம்பனியின் சொத்து என்பதால் பெயர் போடுவதில்லை என்று தனக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னர் சொன்னார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அந்த ராப் வருகிற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, இதைச் செய்தவர் கிராண்ட் கிர்க்ஹோப் என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.