சித்தி படியில் விழவில்லை

முக்கூடல் பக்கம் இருக்கிற என் சித்தி பதினைந்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். போன வருஷம் ஒரு சாயங்காலம், சுற்றின பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறார். பின்னால் வந்த பைக் தட்டிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்போது அவருக்கு 47 வயது. ஓட்டியது பக்கத்து ஊர்க் காலேஜ் பையன். ஓடிப்போகவில்லை, அவனேதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை.

அங்கே "எப்படிம்மா அடிபட்டது?" என்று டாக்டர் கேட்டபோது, பையனின் மாமா சித்தி காதருகே குனிந்து சொல்லியிருக்கிறார். "அக்கா, படியில விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. ஆக்சிடெண்டுன்னா போலீஸ் வரும், பய படிப்பு போயிரும். செலவ நாங்க பாத்துக்கிடுதோம்."

சித்தி அப்படியே சொல்லிவிட்டார். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் பீடி சுற்றுவது எலும்பு வேலை இல்லை, விரல் வேலை. நறுக்கின இலையில் தூளைப் பரப்பி உருட்டிவிடலாம். அதன் முனையை நகத்தால் மடக்கி உள்ளே தள்ள வேண்டுமே, அங்கேதான் சித்தியின் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. இலை கிழிந்து மடியில் தூள் கொட்டுகிறது. இன்னொரு இலையை எடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"சின்னப் பய, போட்டும்" என்று நம் ஊரில் எத்தனை பேர் இப்படி விட்டிருக்கிறோம்! அந்த மனசைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் தப்பான இடத்துக்குப் போகிறது. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த மூன்றாம் நபர் வேறு யாருமில்லை, ரோட்டோரம் நடந்துபோகிற சித்திதான். பையன் வீட்டில் கட்டிய பிரீமியமே இதற்காகத்தான். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கொடுக்கும். பையனின் அப்பா நிலத்தை விற்க வேண்டியதில்லை. போலீஸ் வழக்கு வரும், உண்மைதான். கவனக்குறைவாக ஓட்டிக் காயப்படுத்திய வழக்கு ஜாமீன் கிடைக்கிற வழக்கு.

இனி கணக்கைப் பாருங்கள். வருமான இழப்பைக் கணக்கிடும்போது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வருஷ இழப்பை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும். 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 46 முதல் 50 வயதுக்கு அந்த எண் 13. மாதம் 6,000 ரூபாய் வருமானம் போனதென்று வைத்தால், வருஷத்துக்கு 72,000. பதின்மூன்றால் பெருக்கினால் 9,36,000. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. சித்தி வாங்கியது பத்தாயிரம்.

டாக்டர் குழு ஊனம் 15 சதவீதம்தான் என்று எழுதினாலும் கதை முடிந்துவிடாது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஊனத்தின் சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் அந்த ஆள் செய்கிற தொழிலில் போன வருமானம் வேறு. ஒரு கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம், அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடையாது.

"அவங்கதான் குறுக்க வந்தாங்க" என்பார்கள். வரட்டுமே. நடந்தவர் மேல் ஓரளவு தப்பு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும், உரிமை அழியாது. யார் தப்பு என்றே நிரூபிக்காமல் கேட்கவும் வழியுண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் வருவாய்த் துறை மூலம் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000மும். தை மாதம் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் ராத்திரி நடந்துபோகும் பாதயாத்திரைக்காரர்களின் வீட்டார் இந்தக் கடைசி வழியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஓரமாக நடக்க இடம் எங்கே என்பது வேறு கேள்வி. திருநெல்வேலி டவுன் ரத வீதியில் நடைபாதையைத் தேடிப் பாருங்கள், பைக்கும் கடைப் படியும்தான் கிடைக்கும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், நடைபாதை கேட்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் ரோட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சித்தி விஷயத்தில் மூன்று முட்டுக்கட்டை: ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) "படியில் விழுந்தார்" என்ற வரி, எஃப்.ஐ.ஆர். இல்லாதது, இழப்பீடு கேட்கச் சட்டம் வைத்திருக்கும் 6 மாதக் கெடு. முதல் வரிதான் மற்றதையெல்லாம் முடக்கிப்போட்டது. செலவுக்குப் பயந்து யாரும் அந்த வரியைச் சொல்லவேண்டாம். விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இன்னுயிர் காப்போம் திட்டமே பார்த்துக்கொள்ளும். வக்கீல் வைக்க முடியாதென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

போன மாதம் எங்கள் தெரு ஆச்சியை ஒரு லோடு ஆட்டோ இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். "எப்படி அடிபட்டது?" என்றதும் அவர் மகன் என் முகத்தைப் பார்த்தார், "படியில..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு வண்டி நம்பரைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம்.