கடை மூடும் கணக்கு: நேரு வீதி முதல் லாரன்ஸ் சாலை வரை

பாண்டி நேரு வீதியிலோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலோ ஒரு ஷட்டரில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கினால் போதும், "எல்லாம் ஆன்லைன் செஞ்ச வேலை" என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆன்லைனுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜவுளி, ரெடிமேட், செருப்பு என்று இந்தத் தெருக்களில் இருக்கிற நடுத்தரக் கடைகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு சில ஓட்டைகள் முதலில் கண்ணில் படும். அதில் பெரிய ஓட்டையை முதலாளியே போடுகிறார். வியாபாரம் படுத்ததும் அவர் முதலில் கை வைப்பது ஆள் மேல்.

பாண்டிக் கடைகளுக்கு 2017 ஜூன் 30 வரை ஒரு வசதி இருந்தது. பல பொருள்களுக்கு விற்பனை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்கள் டிவி, ஃப்ரிட்ஜ், பைக் வாங்க பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர் டிவியோடு மட்டும் திரும்ப மாட்டார். பிள்ளைகளுக்கு நாலு துணி, வீட்டம்மாவுக்கு ஒரு புடவை, மதியச் சாப்பாடு என்று அந்தத் தெரு முழுக்கக் கொஞ்சம் காசு இறங்கும். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. எல்லா ஊரிலும் ஒரே விகிதம். இன்றைக்குப் பாண்டியில் வரியால் விலை குறைந்து கிடைப்பது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிற பெட்ரோல், டீசல், மது. அதற்காக வருகிற வண்டி நேரு வீதிக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை, எல்லையிலேயே இருக்கிற முள்ளோடையோடு திரும்பிவிடலாம். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். அவர்கள் வாங்குவது தொப்பியும் டி-சர்ட்டும். பள்ளிச் சீருடையும் கல்யாணப் பட்டும் வாங்க யாரும் பீச் ரோட்டுக்கு வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொருள் விற்கிற கடை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். கடலூர் ஆல்பேட்டையில் ஒருவர் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பதிவே இல்லாமல் விற்கலாம். எல்லை தாண்டி முள்ளோடையில் அதே கடையை வைத்தால், ஒரு நாளைக்கு 5,500 ரூபாய் விற்கும்போதே ரிட்டர்ன் போட ஆள் தேட வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். எந்தக் குறிப்பிட்ட கடையுடையதும் அல்ல, விளக்குவதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. வரி நீங்கலாக மாதம் 6 லட்சம் விற்கிற ரெடிமேட் கடை. லாப விளிம்பு 28 சதவீதம், அதாவது 1,68,000. வாடகை 55,000, ஐந்து பேருக்குச் சராசரி 12,000 வீதம் 60,000, கரண்ட் 12,000, வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி 15,000, கணக்கர், பை, டீ, துப்புரவு எல்லாம் சேர்ந்து 8,000. ஆக 1,50,000 போக மிச்சம் 18,000. இந்தக் கடை கையைக் கடிக்காமல் இருக்க மாதம் 5,36,000 விற்றாக வேண்டும். விற்பனை 15 சதவீதம் குறைந்தால் 5,10,000. லாபம் 1,42,800-க்கு இறங்கி, மாதம் 7,200 கையிலிருந்து போகும்.

வாடகையில் இன்னொரு சிக்கல். கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, கடைக்காரருக்கு இருக்கிறது என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான 18 சதவீதத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும். 55,000-க்கு 9,900. உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் கட்டும்போது ரொக்கமாகத்தான் கட்ட முடியும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் கடைகளுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு.

விற்பனை குறைந்ததும் பெரும்பாலோர் செய்வது தள்ளுபடி. 720-க்கு வாங்கி 1,000-க்கு விற்கிற பொருளில் 280 நிற்கும். 10 சதவீதம் தள்ளினால் நிற்பது 180. பழைய லாபத்தைப் பிடிக்க 56 சதவீதம் கூடுதலாகப் பீஸ் ஓட வேண்டும். ஆடித் தள்ளுபடி அட்டையைப் பார்த்து உள்ளே வருகிறவர் தீபாவளிக்கு வாங்க வேண்டியதை இப்போதே முடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்த அக்டோபர் விற்பனையை ஜூலையில் குறைந்த விலைக்குக் கொடுத்தாயிற்று.

கண்ணுக்குத் தெரியாமல் கடையைத் தின்பது உடைந்த செட். சட்டை ஒரு டிசைனில் ஆறு பீஸ் வருகிறது என்று வையுங்கள்: 38-ல் ஒன்று, 40-ல் இரண்டு, 42-ல் இரண்டு, 44-ல் ஒன்று. கொள்முதல் 500, விற்பனை 700. 40-ம் 42-ம் முதல் பத்து நாளிலேயே போய்விடும். நாலு சட்டை விற்று 2,800 வந்தது, செட்டுக்குப் போட்டது 3,000. நல்லா ஓடின டிசைன் என்று முதலாளி நினைக்கிறார். லாபம் மொத்தமும், போட்ட பணத்தில் கொஞ்சமும், அலமாரியில் 38-ஆகவும் 44-ஆகவும் மடிந்து கிடக்கிறது. இப்படி ஐநூறு டிசைன் சேர்ந்தால் கடை நிறையச் சரக்கு இருக்கும், வருகிறவருக்கு ஒன்றும் இருக்காது.

இதற்கு மருந்து பெரிய சாஃப்ட்வேர் இல்லை. ஒவ்வொரு டிசைனுக்கும் வந்த தேதியை எழுதி ஒரு அட்டை. மூன்று வாரத்துக்குள் ஓடின டிசைனுக்கு 40, 42 மட்டும் உதிரியாகக் கேட்டு வாங்குவது, அதற்கு மேல் போனால் உற்பத்தியாளரிடமே துணி தீர்ந்திருக்கும். 90 நாள் தாண்டின பீஸை வாங்கின விலைக்கே தள்ளிவிடுவது. திருப்பூர் சிறு உற்பத்தியாளரிடம் நேரடியாக எடுப்பவர்களுக்கு இது இப்போது கட்டாயம் மாதிரி. பதிவு பெற்ற சிறு, குறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். அந்தக் கெடு தாண்டி நிதியாண்டு முடிவில் பாக்கி நின்றால், அந்தக் கொள்முதலை அந்த ஆண்டு செலவாகக் காட்ட முடியாது. 2023-24 முதல் நடப்பில் இருக்கிற விதி. மூன்று மாசக் கடனில் சரக்கைக் குவித்த காலம் முடிந்தது.

கூடவே கல்லாப் பக்கத்தில் ஒரு 'இல்லை' நோட்டு. யார் என்ன கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பினோம் என்று ஒரு வரி: "42 பிஸ்கட் கலர் ஃபுல் ஹேண்ட்", "10 வயசு வெள்ளை பேன்ட்". ஒரு மாத நோட்டு, அடுத்த கொள்முதல் பட்டியல். இதை எழுதப்போவது விற்பனையாள்.

அந்த ஆளைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். மேலே சொன்ன கடையில் இரண்டு பேரைக் குறைத்தால் மாதம் 24,000 மிச்சம். 28 சதவீத விளிம்பில் 24,000 என்பது 85,700 ரூபாய் விற்பனைக்கான லாபம். ஒரு நாளைக்கு 2,857. ஆள் இல்லாமல் காத்து நின்று, ஆயிரம் ரூபாய் பில் போட வேண்டியவர்கள் ஒரு நாளைக்கு மூன்று பேர் வெளியே போனால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போச்சு. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் மூன்று பேர் இல்லை, முப்பது பேர் போவார்கள்.

அனுப்பும்போது சம்பளம் அதிகம் வாங்குபவரையே அனுப்புகிறார்கள். 16,000 வாங்குகிற பழைய ஆள் போய், 10,000-க்குப் புதுப் பையன் நிற்பான். பழைய ஆள் என்ன செய்வார் தெரியுமா? வருகிறவர் தோளை ஒரு பார்வை பார்த்து, அளவு கேட்காமல் 42-ஐ எடுத்து, காலர் பட்டனைக் கழற்றி விரித்து மேலே வைத்துக் காட்டுவார். கூட வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இரண்டாவதாக எடுக்கிறதின் விலையை முடிவு செய்வார். கை நீளம் என்றால் "அரை மணியில வெட்டித் தச்சுத் தர்றேன், டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். செல்போனில் வாங்கி, அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பி அலுத்தவர் கடைக்கு வருவது இதற்குத்தான். இதையும் எடுத்துவிட்டால் தெருக்கடை என்பது விலை கூடின குடோன்.

இப்படிப்பட்டவருக்கு உட்கார ஒரு இருக்கை கொடுக்கவே சட்டம் வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது, கடலூர் கடைகளுக்குப் பொருந்தும். பாண்டிக்குக் கடைகள் சட்டம் தனி.

வேலை போவது தனியாரில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பாண்டியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஆனபிறகு ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். அரசின் பாப்ஸ்கோ நிறுவன ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததை ஊரே பார்த்தது. அரசு நடத்திய கடையிலேயே இந்தக் கதி என்றால், சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் சம்பளம் வாங்குகிற ஜவுளிக்கடை அக்காவின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

கடை மூடும் பேச்சு காதில் விழுந்தால் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது பணம் சம்பந்தப்பட்டது. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 10 பேர் வேலை செய்திருந்தால் அந்தக் கடையில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தர வேண்டிய பணிக்கொடை, உண்டு. பிறகு ஆள் குறைந்தாலும் அது போகாது. ஐந்து ஆண்டு முடித்திருக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்குங்கள். 16,000 சம்பளம், 14 ஆண்டு என்றால் 1,29,231 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் முழு ஆண்டாகச் சேரும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டின பகுதி சம்பளக் கணக்கில் சேர்ந்துவிடும். அடிப்படைச் சம்பளத்தை மூவாயிரம் என்று எழுதிவைத்துக் கிராஜுவிட்டியைச் சுருக்குவது இனி சுலபமில்லை.

கிராஜுவிட்டியைத் தவிர்க்க முதலாளிகள் ஒரே கடையை அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று இரண்டு பில் புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் காட்டுகிறார்கள். ஒரே வாசல், ஒரே கல்லா என்றால் அதைக் கேள்வி கேட்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். சம்பளம் ஏறின வங்கிப் பதிவு, கூகுள்பே ஸ்கிரீன்ஷாட், இஎஸ்ஐ எண், பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண், கடைச் சீருடையோடு எல்லோரும் நிற்கிற ஆயுதபூஜை போட்டோ, வருகைப் பதிவேட்டின் பக்கம். கடை திறந்திருக்கும்போதே இவற்றைச் சேர்த்து வையுங்கள், பூட்டினபிறகு பதிவேடு கிடைக்காது.

கடலூர்ப் பக்கம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, அவர் தவறு எதுவும் செய்யாதபோது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது. கடை மூடினாலும் வேலை செய்த நாளுக்கான சம்பளப் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும், கிராஜுவிட்டி 30 நாளுக்குள். வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் பணம் கைக்கு வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கிராஜுவிட்டி கேட்கிற உரிமை அதோடு முடிவதில்லை, மனுவைக் கொடுங்கள்.