அக்கா மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கலாமா?

அக்கா மகள் பிளஸ் டூ. ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒரு மாதமாக வீட்டில் சண்டை. "நீயே சொல்லுடா, நீதானே கட்டடக்காரன்" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 18 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறவன். நேரில் சொன்னால் அக்கா பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். இங்கே எழுதினால் ராத்திரி தனியாகப் படிப்பாள்.

"சிவில் போதாதா, அதுவும் வீடு கட்டுற படிப்புதானே?" இது சவுதியிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி. மச்சான், இதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 2009இல் நான் கட்டியது. சென்னையில் யாருக்கோ போட்ட பிளானை வாங்கி, வாசலை மட்டும் வாஸ்துவுக்காகத் திருப்பி வைத்தோம். ஹாலில் மேற்கே பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பும் உள்ளே வருகிறது என்று அதை ஒரேயடியாகச் சாத்தியாயிற்று. சாயங்கால வெயில் மட்டும் கண்ணாடி வழியே தாராளமாக வருகிறது. வாடை வருகிற வடகிழக்கு மூலையை ஸ்டோர் ரூமாக்கி அடைத்துவிட்டோம். மதியத்துக்கு மேல் அந்த ஹாலில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

சன்ஷேட் விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக் காற்று படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நான் விட்டது ஒரு இஞ்சுகூட இருக்காது. லாரித் தண்ணீர் செலவை மிச்சம் பிடிக்க, உவர் போர் தண்ணீரிலேயே கலவை போட்டேன், அதையே ஊற்றி நனைத்தேன். உப்பு கம்பியைத் துருவாக்கியது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பதினோராவது வருடம் ஒரு துண்டு அக்கா துணி காயப்போடுகிற இடத்தில் விழுந்தது. அவள் பூசைக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். இது சிவில் தப்பு, முழுக்க என் தப்பு. எனக்குப் பாடத்தில் இருந்தது, நான் செய்யவில்லை. ஆனால் அந்த ஜன்னல் தப்பு என் பாடத்திலேயே இல்லை. காற்று எந்த மாதம் எங்கிருந்து வரும், மனுஷி எங்கே உட்கார்ந்து மீன் ஆய்வாள் என்று கேட்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளை படிக்க ஆசைப்படுவது அதைத்தான்.

போன மாதம் அவளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனேன். 1964 புயலில் சிதைந்த அந்த மாதா கோயிலின் சுவர் பவளப்பாறைக் கல். கூரை இல்லை, சுவர் இன்னும் நிற்கிறது. அந்தக் கல்லை இனித் தொட முடியாது, தொடவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் பாறையை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பனஞ்சட்டம் போட்டு ஓடு வேய்கிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள். பழசு போயிற்று. அதன் இடத்தில் வந்தது நான் கட்டுகிற மாதிரி வீடு. கீழக்கரைப் பழைய வீடுகளின் முற்றத்தில் நின்றால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

சரி, கசப்பையும் சொல்ல வேண்டும். ஐந்து வருடப் படிப்பு. மாடல் செய்ய அட்டை, பிரிண்ட், நல்ல லேப்டாப் என்று ஃபீஸுக்கு மேலே பணம் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க வரைந்ததைக் காலையில் ஆசிரியர் 'திரும்பப் போடு' என்பார். முடித்தாலும் நான் வேலை பார்த்த இரண்டு ஆபீஸ்களில் முதல் வருடச் சம்பளம் என் கொத்தனாரின் மாத வரும்படியைவிடக் குறைவு. 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பு அந்தப் பெயருக்கு மட்டும்தான், பிளான் போடுகிற வேலைக்கு இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் எப்போதும் மேஸ்திரிதான் ஆர்க்கிடெக்ட். அவரோடு மல்லுக்கட்டித்தான் இவள் பிழைக்க வேண்டும்.

அதனால் என் நிபந்தனை இரண்டு. ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டா மார்க்கில் அண்ணா பல்கலைக்கழகமோ மதுரை தியாகராசர் காலேஜோ கிடைத்தால் சேரட்டும், ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுதித் திருச்சி என்.ஐ.டி. கிடைத்தால் இன்னும் நல்லது. நன்கொடை கொடுத்து எங்கேயும் வேண்டாம், அந்தக் கடன் தீருகிற சம்பளம் இதில் சீக்கிரம் வராது. தள்ளிப் போனாலும் குடிமுழுகாது. நமக்கு எதிர்க்கரையில், இலங்கையில், ஜெஃப்ரி பாவா முதலில் வக்கீல். ஆர்க்கிடெக்ட் ஆனபோது அவருக்கு வயது 38. முற்றமும் ஓடுமாகக் கட்டிய மனிதர், நாடாளுமன்றமும் அவர் வரைந்ததுதான்.

இரண்டாவது, இந்த லீவில் என் சைட்டுக்கு வர வேண்டும். வந்தாள். முதல் நாள், கவர் குறையாமல் இருக்கக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவிடம், "மத்தியானம் எங்க படுப்பீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா கிழக்குத் திண்ணையைக் காட்டினார். நான் போட்ட பிளானில் திண்ணையே இல்லை. இப்போது சேர்த்து வரைந்துகொண்டிருக்கிறேன், பில்லர் ஒன்று இடம் மாறுகிறது. மேஸ்திரிக்குக் கோபம்.

நாட்டாவுக்குப் பணம் நான் கட்டிவிட்டேன் அக்கா. திட்டுவதென்றால் போனில் திட்டு, கமெண்டில் வேண்டாம்.