நுனி கருகினால் உடனே உரம் போடாதீர்கள்

வீட்டுக்குள் வளரும் தொட்டிச் செடியில் இலை நுனி மஞ்சளாகிப் பழுப்பானால் அது சத்துக் குறைவு, உரத்தை இரட்டிப்பாக்குங்கள் என்று ஒருவர் சொல்ல, பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், நுனி மட்டும் கருகினால் பல நேரம் விஷயம் நேர்மாறு: உரம் கூடிப்போயிருக்கும்.

ரசாயன உரம் என்பது பெரும்பாலும் உப்புதான். வேர் உறிஞ்சும் உப்பு நீரோடு இலை நுனிவரை போகும், அங்கே நீர் மட்டும் ஆவியாகிவிட உப்பு தங்கி நுனியைக் கருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அறிகுறியே வேறு. செடி பழைய இலைகளிலிருந்து சத்தை எடுத்துத் தளிருக்குக் கொடுப்பதால் அடி இலைகள் முழுசாக வெளிறும். (சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்தாலும் பழைய இலைகளின் ஓரம் கருகும், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.)

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். மண்மேல் அல்லது தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? அப்புறம், டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் அடித் துளை வழியே வடியும் தண்ணீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள், வடிவதில் அளவு மிக அதிகமாக இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. சரி, அப்படியென்றால் உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, அதனால் பலன் தெரிகிறதா என்பதைப் புதிதாக வரும் இலைகளில் மட்டும் பாருங்கள்.