போப்பா!

(பர்மாவின் பழைய தலைநகரமான பகானில் ஒரு தங்கும் விடுதி வாசல், சாயங்காலம். கைடு யாங்கோன்காரர், பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சார், எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பக்கத்து நாற்காலியில் நான், காதைத் தீட்டிக்கொண்டு.)

கைடு: நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு போப்பா சார்.

சார்: என்ன தம்பி, பொசுக்குன்னு மரியாதை இல்லாம பேசுறே?

கைடு: ஐயோ, அது மலை பேரு சார். போப்பா மலை. பூவுன்னு அர்த்தம். நம்ம புஷ்பம்தான் இப்படி ஆயிடுச்சுன்னு சொல்றாங்க.

சார்: பூவுன்னா பூன்னு சொல்ல வேண்டியதுதானே. அங்க என்ன இருக்கு?

கைடு: 37 நாட் சார்.

சார்: 37 நாளா! விசாவே 28 நாளைக்குத்தான்யா குடுத்திருக்கான்!

கைடு: நாள் இல்ல சார், நாட். காவல் தெய்வங்க. தீயில வெந்தவங்க, ராஜா கொன்னவங்கன்னு பாதிப் பேரு அநியாயமாச் செத்தவங்க. தேங்காயும் வாழைப்பழமும் வச்சுக் கும்பிடுவாங்க.

சார்: சுடலைமாடன் மாதிரி.

கைடு: கிட்டத்தட்ட அதேதான் சார்.

சார்: நம்ம ஊர்ல இல்லாததா?

(யாங்கோனில் இறங்கிய நாளிலிருந்து இந்த வாக்கியத்தை எண்ணிக்கொண்டு வருகிறேன். இது 17.)

கைடு: இதுல ஒரு கதை இருக்கு சார். மொதல்ல 36 பேருதான். அனோரத்தா ராஜா புத்த மதத்தைக் கொண்டு வந்தப்ப இவங்களை ஒழிச்சுக் கட்டப் பார்த்தார். ஜனங்க விடல. வேற வழியில்லாம இந்திரனைக் கொண்டாந்து மேல உக்கார வச்சு 37 ஆக்கிட்டாருன்னு சொல்வாங்க.

சார்: ஓ, ஹெட் ஆபீஸ்ல இருந்து மேனேஜர் போட்ட மாதிரி.

கைடு: ஆமா சார். இன்னைக்கும் வேலை பார்க்கிறது அந்த 36 பேருதான்.

சார்: (கொஞ்சம் யோசித்து) தமிழ் நல்லாப் பேசுறியே தம்பி. எங்க கத்துக்கிட்டே?

கைடு: வீட்ல சார்.

சார்: பரவாயில்லையே! அது சரி, நாளைக்கும் செருப்பைக் கழட்டணுமா?

கைடு: ஆமா சார். சாக்ஸும்.

சார்: இன்னைக்கு மத்தியானமே அந்த ஆனந்தா கோயில்ல கால் பொரிஞ்சு போச்சு. சாக்ஸாவது விடலாமில்ல? துணிதானே?

கைடு: பெரிய சண்டையே நடந்திருக்கு சார் இதுக்கு. 1919-ல மாந்தளேயில வெள்ளைக்காரங்க சிலர் பூட்ஸோட கோயிலுக்குள்ள வந்துட்டாங்க. பிக்குகள் அடிச்சுத் துரத்தினாங்க. அதுல ஒரு பிக்குவுக்கு ஆயுள் தண்டனை.

சார்: செருப்புக்கா! நம்ம ஊர்லயும்தான் கழட்டிட்டுப் போறோம்.

கைடு: அப்புறம் எப்படி சார் இங்க மட்டும் சுடுது?

(சார் காலைத் தடவிக்கொண்டார். மத்தியானம் ஆனந்தா கோயிலுக்குள் இருந்த இருபது நிமிஷத்தில் அவர் தெற்குப் பக்கத்து புத்தருக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தேன். 1105-ல் கட்டிய கோயில். நாலு திசைக்கும் நாலு நின்ற புத்தர்கள், மூணு ஆள் உயரத்துக்கு மேல். தெற்கே இருப்பவரைக் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முகம் வாடியிருக்கும். நாலெட்டு பின்வாங்கினால் உதட்டோரம் சிரிப்பு வந்து உட்காரும். நான் முன்னும் பின்னும் ஆறு தடவை நடந்தேன்.)

கைடு: அந்தத் தெற்கு புத்தர் சிரிக்கிறதையாவது பார்த்தீங்களா சார்?

சார்: போட்டோவே எடுத்திருக்கேன். இந்தா பாரு.

கைடு: இதுல நீங்கதான் சார் சிரிக்கிறீங்க.

சார்: செல்ஃபிப்பா. அவரும் பின்னாடி இருக்காரில்ல?

கைடு: இருக்கார் சார். உங்க முதுகைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சார்: சரி விடு. ராத்திரிக்கு இட்லி கிடைக்குமா?

கைடு: மொஹிங்கா கிடைக்கும் சார். மீன் குழம்புல அரிசி சேமியா.

சார்: சேமியாவா? நம்ம ஊர்ல... (மீன் என்றது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும்) வேண்டாம். இந்தா, இன்னைக்கு அலைஞ்சதுக்கு டிப்ஸ். அஞ்சு டாலர்.

கைடு: தப்பா நினைக்காதீங்க சார். நாலா மடிச்ச டாலரை இங்க கடைக்காரன் கையால தொட மாட்டான். மடிப்பு விழாத நோட்டா இருந்தா குடுங்க.

சார்: மடிச்சா டாலர் டாலர் இல்லையா?

கைடு: நோட்டு விஷயத்துல நாங்க ரொம்ப அடிபட்டவங்க சார். 1964-ல செல்லாதுன்னாங்க, 85-ல செல்லாதுன்னாங்க, 87-ல செல்லாதுன்னாங்க. அப்புறம் 45 கியாட், 90 கியாட்னு நோட்டு அடிச்சாங்க. ஆட்சியில இருந்த ஜெனரலுக்கு 9 ராசி. 90 ரூபா நோட்டைக் குடுத்து 17 ரூபா சாமான் வாங்கிப் பாருங்க, கணக்கு வாத்தியாரே அழுவார்.

சார்: நம்ம ஊர்ல இல்லாததா? 2016-ல பேங்குல கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தது நான்!

கைடு: உங்க சர்வீஸ்ல ஒரே ஒரு தடவைதானே சார்? இதுல உங்களை ஜெயிச்சுட்டோம்.

(18. இந்த ஒன்றை மட்டும் கழித்துவிடலாம் என்று தோன்றியது.)

சார்: அதெல்லாம் பார்த்துட்டும் ஏன்யா இங்கயே கிடக்கீங்க? நம்மாளுங்கதான் அறுபதுகள்லயே கப்பல் ஏறி வந்துட்டாங்களே.

கைடு: எங்க தாத்தாவும் பாட்டியும் துறைமுகம் வரைக்கும் போனாங்க சார். நகையெல்லாம் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறணும்னான். பாட்டி கழட்டிக்கிட்டே வந்துச்சு. தாலியையும் கழட்டுன்னான். தாத்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிடுச்சு.

(சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே மீன் குழம்பு வாசனை.)

சார்: ...அதான் தமிழ் வீட்ல கத்துக்கிட்டியா?

கைடு: ஆமா சார்.

சார்: நாளன்னைக்கு என்ன?

கைடு: நத்லாங் கோயில் சார். நாட்களை அடைச்சு வச்ச இடம்னு அர்த்தம்.

சார்: அந்த 37 நாளும் அங்கதான் அடைச்சுக் கிடக்குதா?

கைடு: பெருமாள் கோயில் சார் அது. இந்தப் பகான்ல மிச்சமிருக்கிற ஒரே இந்துக் கோயில்.

சார்: நம்ம ஊர்ல இல்லாத பெருமாளா? வேற எதாவது காட்டு தம்பி. மூங்கில் டப்பா விக்கிறாங்களாமே, பளபளன்னு அரக்குப் பூசி.

கைடு: அதுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கு சார். ரெண்டு மணி நேரம். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்குங்க. பக்கத்துல மியின்பகான்ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது, 13-ம் நூற்றாண்டு. மகோதயர்பட்டணத்துல இருந்து வந்த குலசேகர நம்பின்னு ஒருத்தர், நானாதேசி விண்ணகர்னு இங்க இருந்த பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, ஒரு விளக்கும் வச்சிருக்கார். மேல ஒரு சமஸ்கிருத சுலோகம். மிச்சமெல்லாம் தமிழ்.

சார்: மகோதயர்பட்டணம்னா?

கைடு: இப்ப கொடுங்கல்லூர் சார்.

சார்: மலையாளியா!

கைடு: அப்ப அவருக்கு அது தெரியாது சார். தமிழ்லயே எழுதிட்டார்.

(மறுநாள் போப்பா. எரிமலைப் பாறை மேல் செங்குத்தாக ஒட்டிவைத்த மாதிரி கோயில். 777 படி. அடிவாரத்திலேயே ஒரு குரங்கு சாரின் வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே நிதானமாகத் தோலை உரித்தது.)

சார்: எத்தனை படின்னே?

கைடு: 777 சார். நம்ம ஊர்ல இல்லாததா? ஏறுங்க.

சார்: செருப்பு?

கைடு: இங்கயே கழட்டணும்.

சார்: (படியை அண்ணாந்து பார்க்கிறார். குரங்கைப் பார்க்கிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்) நான் இங்கயே இருக்கேன். நீ போப்பா.

கைடு: இப்பத்தான் சார் ஊர் பேரைச் சரியாச் சொல்றீங்க.