சேவல் கூவத்தான் செய்யும்

ஜூலை பிறந்தாலே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிடுகிறது. பிரான்ஸில், டோர்டோன் பக்கம் நாங்கள் குடியிருக்கும் சின்னக் கிராமத்தில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கல் வீடுகளின் ஜன்னல்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். பாரிஸிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். வரட்டும். அவர்கள் காசு, அவர்கள் வீடு. ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்குள் புகாரைப் பிரிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சேவல் கூவுகிறதாம். தேவாலய மணி அடிக்கிறதாம். சாணி நாறுகிறதாம். ராத்திரியில் அறுவடை இயந்திரம் ஓடுகிறதாம்.

ஓடாமல் என்ன செய்யும்? நாளைக்கு ஆலங்கட்டி மழை என்று சொல்லிவிட்டால், கோதுமையை இன்று ராத்திரிக்குள் அறுத்தாக வேண்டும். வருஷத்து உழைப்பு அது. அந்த மனிதர் நள்ளிரவுக்கு மேலும் தூங்காமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், நீங்கள் படுக்கையில் இருந்தபடி சத்தம் என்று மேயருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள்.

மணி விஷயமும் இப்படித்தான். எங்கள் ஊர் மணி ஒவ்வொரு மணிக்கும் இரண்டு முறை அடிக்கும். ஒரு தடவை அடித்து, சற்று நேரம் விட்டு, அதே எண்ணிக்கையை மறுபடி அடிக்கும். வயலில் குனிந்து வேலை செய்கிறவர் முதல் தடவை எண்ணத் தவறினால் இரண்டாவது தடவை எண்ணிக்கொள்ளலாம் என்பார்கள் இங்குள்ள பெரியவர்கள். அந்த இரண்டாவது அடியை நிறுத்தச் சொல்லித்தான் போன கோடையில் ஒரு குடும்பம் மேயர் அலுவலகத்தில் போய் நின்றது. அந்த அலுவலகம் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். வயதான ஒருவருக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்ப வேண்டிய நேரம் மணிச் சண்டையில் போய்விட்டது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்களே, அது இங்கே அப்படியே நடக்கிறது. எங்கள் ஊரில் மட்டுமில்லை. 2019இல் ஒலேரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் அதிகாலையில் கூவுகிறது என்று, விடுமுறைக்கு வந்துபோகும் தம்பதி வழக்கே போட்டார்கள். ரோஷ்ஃபோர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளி, சேவலின் சொந்தக்காரிக்கு 1,000 யூரோ கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே கிரிஞோல் என்ற ஊரில், குளத்துத் தவளைகள் கத்துகின்றன என்று பக்கத்து வீட்டுக்காரர் போட்ட வழக்கில், குளத்தையே மூடச் சொல்லி 2016இல் பொர்தோ மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்தெஷ் மாவட்டத்தில் 2020இல் ஒருவர் மார்செல் என்ற சேவலைச் சுட்டே கொன்றார். கூவிய குற்றத்துக்கு!

சட்டம் இல்லாமலும் இல்லை. லொஸேர் பகுதி எம்.பி. ஒருவர் கொண்டுவந்த மசோதா 2021 ஜனவரியில் சட்டமானது. கிராமத்தின் ஒலிகளும் வாசனைகளும் நாட்டின் பொதுச் சொத்தில் சேரும் என்கிறது அது. 2024 ஏப்ரலில் சிவில் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்ந்தது. நீங்கள் வீடு வாங்குவதற்கு முன்பிருந்தே முறைப்படி நடந்துவரும் ஒரு வேலையை, அது அதே மாதிரி தொடரும்வரை, தொந்தரவு என்று சொல்லி நஷ்டஈடு கேட்க முடியாது. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் சட்டம் நீதிமன்ற வாசலில்தான் காப்பாற்றும். அதற்கு முன்னால் வருகிற பதிவுத் தபாலை யார் தடுப்பது?

எங்கள் தெருக்கோடியில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பிறந்ததே அந்த வீட்டில்தான். கணவர் போனபிறகு அவருக்குத் துணை என்று இருந்தவை நாலைந்து கோழிகளும் ஒரு சேவலும். முட்டையை யாருக்கும் விற்கமாட்டார். பழைய ஜாம் பாட்டிலோடு முட்டையையும் பையில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். எதிரில் வீடு வாங்கியவர்களிடமிருந்து ஒப்புகை அட்டையோடு ஒரு தபால் வந்தது. சட்டப் பிரிவு எண்கள், தேதி வாரியாகக் கூவிய நேரங்கள், எட்டு நாளைக்குள் பதில் வேண்டும் என்ற மிரட்டல். இலவசமாகச் சமரசம் செய்துவைக்க ஆள் இருக்கிறார், நான் கூட வருகிறேன், சட்டம் உங்கள் பக்கம் என்று எவ்வளவோ சொன்னேன். “இந்த வயதில் என்னால் முடியாது” என்றார். அடுத்த வாரம் சேவலை அறுத்துவிட்டார். கோழிகளைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது அந்தக் கூண்டில் பழைய பூந்தொட்டிகள் கிடக்கின்றன.

அந்தத் தபால் அனுப்பியவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் பாரிஸ் போய்விட்டார்கள். அந்த அம்மாள் நவம்பர் இருட்டிலும் இங்கேதான் இருந்தார், சத்தமே இல்லாத கொல்லையோடு. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

அவர்கள் பண்ணும் சத்தத்தையும் சொல்லவேண்டும். பகல் முழுக்க நீச்சல் குளத்து மோட்டார், ராத்திரி ஒரு மணி வரை தோட்டத்தில் பாட்டு. யாராவது தபால் போட்டோமா? விருந்தாளி, கோடைக்காலம், போகட்டும் என்றுதானே விட்டோம்? குளிர்காலத்தில் பாதி வீடு இருட்டாக இருந்தால் ரொட்டிக் கடை எப்படி ஓடும், பிள்ளைகள் குறைந்தால் பள்ளியில் வகுப்பை எப்படிக் காப்பாற்றுவது என்று நாங்கள் அல்லாடுவதெல்லாம் அவர்கள் காதில் விழுவதில்லை. சேவல் மட்டும் விழுகிறது.

பிரான்ஸில் பழைய வீடு வாங்கும்போது, கிரயத்தை முடித்துவைக்கும் நோட்டரி ஒரு கட்டுக் காகிதம் தருவார். பெயின்டில் ஈயம் உண்டா, ஆஸ்பெஸ்டாஸ் உண்டா, கரையான் உண்டா, கழிவுத் தொட்டி ஒழுங்காக இருக்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். அதோடு இன்னொரு பக்கமும் கட்டாயம் சேர்க்கவேண்டும். இந்த ஊரில் மணி எப்போது அடிக்கும், எந்த மாதம் எரு போடுவார்கள், யார் வீட்டில் கோழி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதி, படித்தேன், சம்மதம் என்று கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்துப் போட மனமில்லாதவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.